தேம்ஸ் கரையில் கோரிங் கிராமம்: ஓடுவதற்கு எந்தப் பாதை நல்லது?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரெடிங்குக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஓட ஆரம்பித்து ஒன்றரை வருடம். இதுவரை ஓடியதெல்லாம் தார்ச்சாலையிலும் ஜிம் ட்ரெட்மில்லிலும்தான். ஒரே ஓட்டத்தில் அதிகபட்சம் 12 கிலோமீட்டர். மே மாதக் கடைசியில் ஓர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் டிட்காட் ரயிலில் போனபோது, பாங்போர்ன் தாண்டியதும் ஒரு செங்கல் பாலத்தில் தேம்ஸைக் கடந்தோம். இரண்டு பக்கமும் குன்று, நடுவில் புல்வெளி, கரையோரமாக ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். அடுத்த ஸ்டேஷன் கோரிங் அண்ட் ஸ்ட்ரீட்லி. அன்றிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. இனி சனிக்கிழமைகளில் அங்கே போய் ஓடலாம் என்று ஆசை.

மேடு அதிகம் இல்லாத பாதை உண்டா? வழி தவறாமல் ஓட முடியுமா? மனைவியும் ஆறு வயது மகளும் கூட வருவார்கள், நான் திரும்பும்வரை அவர்களுக்கு நேரம் போக இடம் இருக்குமா? இப்போது ஜனவரி. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


தாமிரபரணி எழுதியது:

தம்பி, நல்ல இடத்தைத்தான் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் பதினோரு வருடமாக ஓடுகிறேன். இரண்டு குழந்தைகளை வண்டியில் தள்ளிக்கொண்டும் ஓடியிருக்கிறேன்.

முதலில் ஊரின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். கோரிங் ஆற்றின் கிழக்குக் கரையில், ஆக்ஸ்ஃபர்ட்‌ஷயரில் இருக்கிறது. எதிர்க்கரையில் ஸ்ட்ரீட்லி, அது பெர்க்‌ஷயர். நடுவில் ஒரு பாலம், பாலத்தடியில் தடுப்பணையும் படகுகள் ஏறி இறங்கும் லாக்கும். கிழக்கே சில்டர்ன்ஸ் குன்றுகள், மேற்கே பெர்க்‌ஷயர் டவுன்ஸ். பனியுகத்தில் தேம்ஸ் இந்தக் குன்றுத்தொடரை அறுத்துக்கொண்டு போன இடம் இது, கோரிங் கேப் என்பார்கள். அதனால் ஊரை விட்டு இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் ஆற்றங்கரையும் கிடைக்கும், மொட்டைக் குன்றும் கிடைக்கும், பீச் மரக்காடும் கிடைக்கும்.

இரண்டு தேசிய நடைபாதைகள் இங்கே ஒன்றையொன்று தொடுகின்றன. ஆற்றோடு போவது தேம்ஸ் பாத். ஏவ்பரி பக்கத்தில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர் போவது ரிட்ஜ்வே. ரிட்ஜ்வேயின் ஏறக்குறைய நடு இடம் இந்தப் பாலம்தான். இரண்டிலும் கம்பங்களில் ஏகோர்ன் என்ற ஓக் மரக் கொட்டையின் படம் போட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது.

இனி முக்கியமான விஷயம். இங்கே ஓடத் திட்டமிடுபவர்கள் முதலில் பாலங்களை எண்ண வேண்டும். கோரிங் பாலத்தை விட்டால் வடக்கே வாலிங்ஃபோர்டில்தான் நடந்து கடக்கும் அடுத்த பாலம். தெற்கே விட்சர்ச்சில். நடுவில் இரண்டு ரயில் பாலங்கள் இருந்தாலும் அவற்றில் ஏற முடியாது. "இந்தக் கரையில் போய் அந்தக் கரையில் வருகிறேன், 8 கிலோமீட்டர்" என்பது இங்கே நடக்காது. போன வழியே திரும்பலாம், இல்லாவிட்டால் அடுத்த ஸ்டேஷன் வரை ஓடி ரயிலில் திரும்பலாம். பாங்போர்ன், கோரிங், சோல்சி மூன்றும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: பாங்போர்னில் இறங்குங்கள். விட்சர்ச் சுங்கப் பாலத்தைக் கடந்து (காருக்குத்தான் கட்டணம், நடப்பவர்களுக்கு இல்லை) தேம்ஸ் பாத் வழியே கோரிங் வாருங்கள். ஏழு கிலோமீட்டருக்குள்தான். வீட்டில் இருப்பவர்கள் அதே ரயிலில் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பாலத்தில் நின்று படகு லாக்குக்குள் ஏறுவதைப் பார்க்கலாம். ஊருக்குள் கஃபேயும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு லாக் பார்த்து அலுக்காது.


மெதுஓட்டம் எழுதியது:

தாமிரபரணி அக்கா சொன்னதில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. வைகைக்கரை கேட்டது மேடு அதிகம் இல்லாத பாதை. பாங்போர்ன் - கோரிங் அப்படி இல்லை. விட்சர்ச்சில் ஊர்ச்சாலையிலேயே ஏற்றம் தொடங்கிவிடும். ஹார்ட்ஸ்லாக் காட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளத்தாக்கில் பாதை செங்குத்தாக இறங்கி, உடனே செங்குத்தாக ஏறும். மழைக்காலத்தில் அங்கே கையூன்றி இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தேம்ஸ் பாத் என்ற பெயரை நம்பி, கரையோடு சமதளமாக இருக்கும் என்று வருபவர்கள் ஏமாறுவது அங்கேதான். காடு முடிந்து கேட்ஹாம்ப்டன் ரயில் பாலம் வந்த பிறகு உள்ள கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் அவர் ஜன்னலில் பார்த்த புல்வெளி.

சமதளம் வேண்டுமானால் வடக்கே போகச் சொல்வேன். கோரிங்கிலிருந்து ரிட்ஜ்வேயைப் பிடித்து சவுத் ஸ்டோக், அங்கிருந்து ஆற்றங்கரையோடு நார்த் ஸ்டோக். போய் வர 12, 13 கிலோமீட்டர் வரும். முதல் 3 கிலோமீட்டரில் ஆறே தெரியாது, வீடுகளுக்குப் பின்புறமும் வேலிகளுக்கு நடுவிலும் போகும். சவுத் ஸ்டோக் தாண்டியதும் கரைக்கு வந்துவிடுவீர்கள். அதற்கப்புறம் மோல்ஸ்ஃபோர்ட் ரயில் பாலத்தின் அடியிலேயே பாதை போகும். அங்கே ஒரு நிமிடம் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். ரயில்பாதைப் பொறியாளர் புரூனெல் 1830களின் கடைசியில் கட்டிய பாலம். ரயில்பாதை ஆற்றைச் சாய்வாகக் கடப்பதால், வளைவின் செங்கல் வரிசைகளையும் சாய்வாக, முறுக்கிவிட்ட கயிறு போல அடுக்கியிருக்கிறார்கள். பிறகு தண்டவாளங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பக்கத்தில் ஒட்டிக் கட்டிய இரண்டாவது பாலமும் அதே முறுக்கோடு இருக்கிறது. நான் எத்தனை அவசரத்தில் ஓடினாலும் அங்கே வாட்ச்சை நிறுத்திவிடுவேன்.


தாமிரபரணி எழுதியது:

மெதுஓட்டம் சொல்வது சரி. அந்தப் பள்ளத்தாக்கு பழகிப்போனதால் எனக்கு மேடாகவே தோன்றவில்லை. புதிதாக வருபவருக்கு அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. தம்பி, முதல் தடவை நார்த் ஸ்டோக் பக்கமே போங்கள்.


கரிசல்மண் எழுதியது:

வழியைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், காலுக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மண் பரிசோதனை என் தொழில் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த வட்டாரத்தின் அடிப்படை சீமைச் சுண்ணாம்பு. பள்ளியில் கரும்பலகையில் எழுதினோமே, அந்த வகைப் பாறை. மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஸ்ட்ரீட்லிக்கு மேற்கே உள்ள மொட்டைக் குன்றுகளில் நேற்று மழை பெய்திருந்தாலும் இன்று ஓடலாம். ஆனால் ஈரமாக இருக்கும்போது அதன் மேல் சோப்பு தேய்த்தது போல ஒரு வழவழப்பு வரும். இறக்கத்தில் மிகக் கவனம் தேவை.

கிழக்கே சில்டர்ன்ஸ் மேட்டில் கதை வேறு. அங்கே சுண்ணாம்புக்கு மேலே களிமண் படிந்திருக்கிறது, அதற்குள் சிக்கிமுக்கிக் கற்கள். பீச் காட்டுக்குள் வெயிலும் விழாது. நவம்பரில் ஈரமானால் மார்ச் கடைசி வரை காயாது. ஷூவோடு இரண்டு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும். "மேட்டில் ஓடினால் சேறு இருக்காது" என்று பலர் சொல்வார்கள். மேற்கு மேட்டுக்கு அது பொருந்தும், கிழக்கு மேட்டுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, ஆற்றோர வண்டல். அதற்கு நாள் குறித்துச் சொல்ல முடியாது, ஆறுதான் முடிவு செய்யும்.

ஷூ விஷயம்: அடிப்பகுதியில் பல் உள்ள ட்ரெயில் ஷூ வாங்கிவிடுங்கள். ரோடு ஷூ ஜூன், ஜூலை, ஆகஸ்டில் போதும்.


வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மழை நின்று மூன்று நாள் ஆகியிருந்தது, நல்ல வெயில். கோரிங்கில் இறங்கி சவுத் ஸ்டோக் வரை அருமையாகப் போனது. ஊரைத் தாண்டி ஆற்றங்கரைப் புல்வெளிக்கு வந்தால், புல்வெளியைக் காணவில்லை. வேலிக்கம்பங்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே வரிசையாகத் தெரிந்தது. கரை எது, ஆறு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாதை எங்கே என்று கம்பங்களை வைத்து ஊகித்து முழங்கால் ஆழம் வரை போய்விட்டேன். தண்ணீர் மெதுவாக நகர்கிறது என்று நினைத்தேன். கால் வைத்த பிறகுதான் இழுப்பு தெரிந்தது. திரும்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பாதத்தில் உணர்வே இல்லை. மகள் பாலத்தில் காத்திருந்தாள், என் காலைப் பார்த்து அழுதுவிட்டாள்.

மழையே இல்லாத நாளில் ஆறு எப்படி ஏறியது? அதுதான் புரியவில்லை.


தாமிரபரணி எழுதியது:

தம்பி, திரும்பியது மிக நல்ல முடிவு. படிக்கும்போதே எனக்கு நெஞ்சு பதறியது. இனி தண்ணீர் பாதையை மூடியிருந்தால் கணுக்கால் ஆழம் என்றாலும் இறங்காதீர்கள். அடியில் கரை இடிந்திருந்தால் மேலேயிருந்து தெரியாது.

ஆறு ஏறியதற்குக் காரணம் உங்கள் தலைக்கு மேல் பெய்த மழை இல்லை. மேற்கே காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் பக்கம் பெய்த மழை ஆக்ஸ்ஃபர்ட் வழியாக இறங்கி இங்கே வந்து சேரச் சில நாள் ஆகும். தேம்ஸ் மெதுவான ஆறு, மெதுவாக ஏறி மெதுவாக வடியும். அதோடு கரிசல்மண் சொன்ன அந்தச் சுண்ணாம்பு, குளிர்காலம் முழுக்கக் குடித்த தண்ணீரை ஊற்றுகளாக வெளியே விடுவதும் இந்த மாதங்களில்தான். ஆகவே வானத்தைப் பார்த்து ஆற்றை எடைபோடக் கூடாது. 2014 தொடக்கத்திலும் 2024 ஜனவரியிலும் இந்தப் புல்வெளிகள் வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் இருந்தன.

கிளம்பும் முன் அரசின் வெள்ளத் தகவல் தளத்தில் கோரிங் லாக்கின் நீர்மட்டத்தைப் பாருங்கள். இன்றைய அளவை மட்டும் பார்க்காமல் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஊருக்கு வந்த பிறகு லாக்கில் உள்ள பலகையையும் பார்க்கலாம். சிவப்புப் பலகை வைத்திருந்தால் படகுகளுக்கு எச்சரிக்கை, நீரோட்டம் வேகமாக இருக்கிறது என்று பொருள். அது நடப்பவர்களுக்காக வைத்ததில்லை. ஆனால் சிவப்பு தெரியும் நாளில் நான் கரைப் பக்கமே திரும்புவதில்லை. பாலத்தைக் கடந்து நேராக ஸ்ட்ரீட்லி மேட்டுக்குப் போய்விடுவேன்.

மகளிடம் அத்தை கேட்டதாகச் சொல்லுங்கள்.


யாழ்ப்பறவை எழுதியது:

இழையை இன்றுதான் பார்த்தேன். லண்டனில் இருந்து கோரிங்குக்கு ஓடப் போகிற ஈழத்தவர் நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். தம்பி, ஆறு மூடிய நாளில் ரிட்ஜ்வேயின் மேற்குப் பக்கம்தான் உங்களுக்கு வாய்த்த இடம்.

பாலம் கடந்து ஸ்ட்ரீட்லிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பி, கொஞ்சத் தூரத்தில் ரெக்டரி ரோட்டில் இடது கைப்பக்கமாகப் போங்கள். கோல்ஃப் மைதானத்தை ஒட்டி அமைதியான ஒழுங்கை, அதாவது சின்ன வீதி. மூன்று நாலு கிலோமீட்டர் தாரிலேயே ஓடலாம், வாகனம் குறைவு. வாரன் ஃபார்ம் வந்ததும் தார் முடிந்து சுண்ணாம்புப் பாதை தொடங்கும். ஏற்றம்தான், ஆனால் நீளமான, பொறுமையான ஏற்றம். மூச்சு ஒரு தாளத்துக்கு வந்துவிட்டால் கால் தானாகப் போகும். மேலே ஏறினால் இருபுறமும் வெட்டவெளி, பந்தயக் குதிரைகளைப் பழக்கும் புல்தடங்கள். வலப்பக்கம் 186 மீட்டர் உயரத்தில் லோபரி குன்று. காற்றுக்கு மறைப்பு ஒன்றும் இல்லை. கோரிங்கில் இதமாக இருக்கும் நாளில் கூட மேலே சரியான குளிர். காற்றுத்தடுப்புச் சட்டை இல்லாமல் போக வேண்டாம்.

செங்குத்தாக வேண்டுமென்றால் ஸ்ட்ரீட்லி ஹில். ஒரு கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 100 மீட்டர் ஏறும். வாகனம் ஓடும் வீதி என்பதால் வீதியோடு ஏறாமல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் லார்டன் சேஸ் புல்சரிவாலே ஏறுங்கள். மேலே நின்றால் ஆறு வளைவது, இரண்டு ஊரும், ரயில் போவதும் எல்லாம் ஒரே பார்வையில் வடிவாகத் தெரியும். எதிர்ப்பக்கம் தி ஹோலீஸ் என்ற இன்னொரு சரிவு, அதுவும் நேஷனல் டிரஸ்டினுடையது.

இந்த ஊர் என் மனதுக்கு நெருக்கமானதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு அக்டோபரிலும் சென்டூரியன் ரன்னிங் என்ற அமைப்பு நடத்தும் 'ஆட்டம் 100' (Autumn 100) என்ற 100 மைல் ஓட்டத்துக்கு மையம் கோரிங்தான். 25 மைல் வீதம் நாலு கிளை. ஒவ்வொன்றும் கோரிங்கில் தொடங்கி, பாதித் தூரம் போய், திரும்பக் கோரிங்குக்கே வரும். முதலாவது தேம்ஸோடு வடக்கே லிட்டில் விட்டன்ஹாம். இரண்டாவது ரிட்ஜ்வேயில் கிழக்கே ஸ்வின்கூம். மூன்றாவது ரிட்ஜ்வேயில் மேற்கே செயின் ஹில். கடைசி தேம்ஸோடு ரெடிங். 28 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த இழையில் நீங்கள் கதைக்கும் நாலு திசையையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம்.

முதல் தடவை ஓடியபோது மூன்றாம் கிளை முடித்து 75 மைலில் கோரிங் வந்து உட்கார்ந்தேன், எழும்பவில்லை. மூன்று முறை சூடான மண்டபத்துக்குள் வந்து திரும்ப வெளியே போக வேண்டும், அந்தப் போட்டியின் கடினம் அதுதான். அடுத்த வருடம் கதிரையில் உட்காராமல் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தபடியே வெளியேறினேன். ஹார்ட்ஸ்லாக் காட்டுப் பள்ளத்தை இரவில் ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் இறங்கி, திரும்பி வரும்போது விடியற்காலையில் ஏறினேன். கேட்ஹாம்ப்டன் பாலத்தடியில் மூடுபனி ஆற்றில் படுத்திருந்தது. முடித்துவிட்டேன்.


செண்பகம் எழுதியது:

ஓர் உதவி. நான் டிட்காட்டில் இருக்கிறேன், தனியாகத்தான் ஓடுவேன். வழி பற்றி எல்லோரும் சொன்னீர்கள். தனியாக ஒரு பெண் ஓடுவதற்கு இந்த வழிகள் எப்படி? அப்புறம், மாடு. மோல்ஸ்ஃபோர்ட் பக்கம் போன கோடையில் இளம் மாடுகள் கூட்டமாக ஓடிவந்து என்னைச் சூழ்ந்துகொண்டன. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. கிராமத்தில் மாட்டோடு வளர்ந்தவள்தான் நான். ஆனால் அங்கே மாட்டுக்குப் பெயர் இருக்கும், கூப்பிட்டால் நிற்கும்.


மெதுஓட்டம் எழுதியது:

செண்பகம், மாட்டு விஷயத்துக்கு நான் சொல்கிறேன். மாடு தெரிந்தவுடன் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடுகிற ஆளை அவை துரத்தும், பெரும்பாலும் ஆர்வத்தால்தான். ஆனால் கன்றோடு இருக்கும் பசு அப்படி இல்லை. தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகவே கூடாது. பாதை அப்படிப் போனாலும் வேலியோரமாகச் சுற்றிப் போங்கள், பாதுகாப்புக்காக அப்படி விலகுவதில் தவறில்லை. நாய் கூட இருந்து மாடு துரத்தினால் வாரை விட்டுவிடுங்கள். நாய் தப்பித்துக்கொள்ளும், அதைப் பிடித்திருக்கும் மனிதரைத்தான் மாடு மிதிக்கும்.

பொதுப்பாதை போகும் வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனக் காளையை விடுவது சட்டப்படி தடை. இறைச்சி இனக் காளையைப் பசுக்களோடு சேர்த்து விடலாம். அதனால் காளையைப் பார்த்தால் உடனே சட்டமீறல் என்று நினைக்க வேண்டாம், ஆனால் தள்ளியே போங்கள். குளிர்காலத்தில் மாடுகள் பெரும்பாலும் கொட்டகைக்குள் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெளியே விட்ட முதல் சில நாட்கள்தான் துள்ளல் அதிகம்.


தாமிரபரணி எழுதியது:

தனியாக ஓடுவது பற்றி, என் பழக்கத்தைச் சொல்கிறேன். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் காலையில் மட்டும். ரெக்டரி ரோடு வழி எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். வீடுகள், பண்ணை, நாயோடு நடப்பவர்கள் என்று யாராவது கண்ணில் படுவார்கள். கிழக்கே கிரேட் சாக் வுட் போன்ற காடுகள் அழகுதான், ஆனால் பாதைகள் கிளைத்துக்கொண்டே போகும், பல இடங்களில் போனில் சிக்னலும் இருக்காது. அங்கே துணையில்லாமல் போக மாட்டேன். எந்த வழியில் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புவேன். போனிலும் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை அமைப்பின் வரைபடம் உண்டு, இருந்தாலும் எக்ஸ்ப்ளோரர் 171 தாளை மடித்துப் பையில் வைத்திருப்பேன். குளிரில் என் போன் இரண்டு தடவை அணைந்திருக்கிறது.

கம்பங்களில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். நீல அம்புப் பாதையில் காதில் பாட்டு வேண்டாம், பின்னால் குதிரை வருவது தெரியாது. குதிரையைப் பார்த்தால் தூரத்திலேயே குரல் கொடுத்துவிட்டு நடந்து கடந்து போங்கள்.

செண்பகம், சனிக்கிழமை வருவதானால் சொல்லுங்கள், சேர்ந்தே ஓடலாம். உங்கள் வேகம் எதுவானாலும் சரி.


வைகைக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். யாழ்ப்பறவை அண்ணன் சொன்ன மேற்கு வழியில் மூன்று சனிக்கிழமை ஓடிவிட்டேன். முதல் வாரம் வாரன் ஃபார்ம் வரை. இரண்டாவது வாரம் அதற்கு மேலே 2 கிலோமீட்டர். போன வாரம் மேட்டில் இடப்பக்கம் பிரிந்து ஆல்ட்வொர்த் கிராமம் வரை போய் வந்தேன், மொத்தம் 14 கிலோமீட்டர். என் வாழ்நாளில் ஓடிய அதிக தூரம் அதுதான்.

ஆல்ட்வொர்த்தில் உள்ள பழைய தேவாலயத்துக்குள் 14ஆம் நூற்றாண்டுக் கல்லுருவங்கள் ஒன்பது இருக்கின்றன. டி லா பெஷ் என்ற ஒரே குடும்பத்தினருடையவையாம். ஆளுயரத்தை மிஞ்சியவை என்பதால் ஊரார் அவர்களை அரக்கர்கள் என்றே சொல்கிறார்கள். சேற்றுக்காலோடு உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனேன், கோயிலுக்குப் போவது போல. உள்ளே இருந்த ஒரு வயதானவர் என் காலுறையைப் பார்த்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியுள்ள பெல் விடுதியில் சூடாக ஏதாவது சாப்பிடச் சொன்னார். ஒரே குடும்பம் 200 வருடத்துக்கு மேலாக நடத்தும் இடமாம்.

அங்கிருந்து இறங்கி வரும்போது தலைக்கு மேலே பருந்துகள். வால் இரண்டாகப் பிளந்து, செம்பழுப்பு நிறத்தில். ஊரில் பார்க்கும் செம்பருந்து இல்லை, பெரிதாக இருந்தது. என்ன பறவை?


கரிசல்மண் எழுதியது:

ரெட் கைட். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அறவே இல்லாமல் போன பறவை. 1989 முதல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன்ஸில் விட்டார்கள். இன்று கோரிங் ஸ்டேஷன் நடைமேடையில் நின்றாலே பார்க்கலாம்.


வைகைக்கரை எழுதியது:

நன்றி அண்ணா. இப்போது என் கேள்வி: ஏப்ரல் கடைசியில் ஒரு தடவையாவது முழுத் தூரத்தையும் ஓடிப் பார்க்க வேண்டும். கோரிங் - வாலிங்ஃபோர்ட் - கோரிங் சுற்று அரை மாரத்தானுக்கு வருமா?


மெதுஓட்டம் எழுதியது:

வரும். 21, 22 கிலோமீட்டர், எங்கே குறுக்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து. ஸ்டேஷன் கிழக்குக் கரையில் இருப்பதால் அந்தக் கரையிலேயே தொடங்குங்கள். நார்த் ஸ்டோக் தேவாலயம் தாண்டி, கோல்ஃப் மைதானத்தின் குறுக்கே போய் மாஞ்ச்வெல் வரும். அங்கே ரிட்ஜ்வே வலப்பக்கம் திரும்பி கிரிம்ஸ் டிச் என்ற பழங்கால மண்மேட்டோடு கிழக்கே ஏறிவிடும். அந்தத் திருப்பத்தில்தான் பலர் பழக்கத்தில் ஏகோர்ன் கம்பத்தையே பார்த்துக்கொண்டு மேட்டில் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாமல் வடக்கே நேராக க்ரோமார்ஷ் போய் வாலிங்ஃபோர்ட் பாலத்தில் ஏறுங்கள். பாதித் தூரம் அங்கே முடிகிறது. ஊருக்குள் கடைகள் இருக்கின்றன, தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம்.

திரும்பும் வழி மேற்குக் கரை, தேம்ஸ் பாத். மோல்ஸ்ஃபோர்டில் ஆற்றை விட்டு ஊர்ச்சாலைக்கு ஏற வேண்டியிருக்கும். குதிரைகள் படகை இழுத்துப் போன காலத்தில் இழுவைப் பாதை இங்கே படகுத்துறையில் எதிர்க்கரைக்கு மாறியது. இப்போது ஓடம் இல்லை, அதனால் நடப்பவர்களுக்கு ஊர் வழியே சுற்று. அந்தச் சாலையில் வாகனம் வேகமாக வரும், சாலையோர நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். ஓடம் நின்றுபோன ஒரு விஷயம் இன்றைக்கும் நம் ஓட்டத்தை வளைக்கிறது பாருங்கள்.

ஊரைத் தாண்டித் திரும்ப ஆற்றுக்கு வந்தால் கடைசிச் சில கிலோமீட்டர் ஸ்ட்ரீட்லி வரை சமதளப் புல்வெளி. எனக்கு அந்தக் கடைசிப் பகுதிக்காகவே இந்தச் சுற்று பிடிக்கும். மே மாதத்துக்குப் பிறகு அங்கே ஓரங்களில் நெட்டில் செடி இடுப்பளவு வளரும், நம்மூர் செந்தட்டி மாதிரியே பட்டால் அரிக்கும். நீளக் காலுறை நல்லது. வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் அதிலிருந்துதான் வருகிறது.


செண்பகம் எழுதியது:

தாமிரபரணி அக்காவோடு இரண்டு வாரம் ஓடிவிட்டேன் என்பதை இங்கே பதிய வேண்டும். மோல்ஸ்ஃபோர்ட் புல்வெளியில் மாடுகள் நின்றன. இருவரும் கதை பேசிக்கொண்டே நடந்து கடந்தோம். ஒன்று கூடத் தலையைத் தூக்கவில்லை.


தாமிரபரணி எழுதியது:

தம்பி, அந்தச் சுற்றுக்கு நாங்களும் வருகிறோம். ஆற்றின் மட்டம் இந்த வாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் முந்தின இரவு மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஏறியிருந்தால் சுற்று வேண்டாம், ரிட்ஜ்வேயில் மேற்கே பத்தரை கிலோமீட்டர் போய்த் திரும்பலாம், தூரம் ஒன்றுதான்.

போட்டி முடிந்த பிறகு மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் ஓடாமல் குடும்பத்தோடு ஹார்ட்ஸ்லாக் வாருங்கள். வனவிலங்கு அறக்கட்டளை பராமரிக்கும் புல்சரிவு அது. குரங்கு ஆர்க்கிட் என்ற பூ பிரிட்டனில் மிகச் சில இடங்களில்தான் பூக்கும், அதில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு பூவும் கையையும் காலையும் விரித்த குட்டிக் குரங்கு மாதிரியே இருக்கும், வால் கூட உண்டு. சரிவில் கண்டபடி கால் வைக்கக் கூடாது, நடந்து பதிந்த தடத்திலேயே போக வேண்டும். குனிந்து பார்க்க உங்கள் மகள் உயரம்தான் சரியான உயரம்.


வைகைக்கரை எழுதியது:

அவளிடம் சொல்லிவிட்டேன் அக்கா. குரங்கு எத்தனை இருக்கும் என்று கேட்கிறாள். சுற்று அன்றைக்கு அவளும் அம்மாவும் ஸ்ட்ரீட்லி பாலத்தில் ஆரஞ்சுப் பழம் உரித்து வைத்துக்கொண்டு நிற்பார்களாம், எல்லோருக்கும்.